மோட்டர் உறுமினால் உடனே நிறுத்துங்கள்

மாரி ஓய்ந்து தை பிறந்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டங்களில் இறைப்புத் தொடங்கும், அதோடு எங்கள் வேலைத்தளத்துக்கு எரிந்த மோட்டர்களும் வரத் தொடங்கும். உரும்பிராய், நீர்வேலி, புத்தூர் என்று எங்கிருந்து வந்தாலும் கொண்டுவருபவர் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "அண்ணை, சுவிட்சைப் போட்டன், உறுமிச்சுது, சுத்தேல்லை. கொஞ்ச நேரம் விட்டுப் பாத்தன், புகை வந்திட்டுது." அந்தக் கொஞ்ச நேரந்தான் மோட்டரை எரித்தது. ஏன் என்று விளங்கினால் பாதி மோட்டர்கள் எங்களிடம் வரவே தேவையில்லை.

கிணற்றடியில் இருப்பது பெரும்பாலும் இண்டக்சன் மோட்டர். வெளிக்கூட்டில் செப்புக் கொயில், நடுவில் சுழலும் ரோட்டர். இந்த ரோட்டருக்கு எந்த வயரும் போவதில்லை, இரும்புத் தகடுகளும் அவற்றின் ஊடாகப் போகும் அலுமினியத் தண்டுகளும் மட்டுமே. கொயிலில் மின்சாரம் பாயும்போது ஒரு காந்தப்புலம் சுற்றத் தொடங்குகிறது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் இரண்டு துருவ மோட்டரில் அந்தப் புலம் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றும், நான்கு துருவம் என்றால் 1500. அது அலுமினியத் தண்டுகளை வெட்டிக்கொண்டு போகும்போது தண்டுகளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, ரோட்டர் தானும் காந்தமாகிப் புலத்தின் பின்னால் ஓடுகிறது. ஆனால் அதனால் புலத்தைப் பிடிக்க முடியாது. பிடித்துவிட்டால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் தண்டுகளில் மின்னோட்டம் இல்லை, இழுவிசையும் இல்லை. அதனால்தான் மோட்டரின் தகட்டில் 3000 என்று இல்லாமல் 2850 அல்லது அதற்குக் கிட்டவாக ஓர் எண் இருக்கும். இந்தப் பின்தங்கலை 'ஸ்லிப்' என்போம், பாரம் கூடக் கூட அதுவும் கூடும். நிக்கோலா டெஸ்லா 1888இல் இதற்குக் காப்புரிமை பெற்றார், அதே காலத்தில் இத்தாலியில் கலிலியோ பெராரிஸ் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை.

இப்போது உறுமும் மோட்டருக்கு வருவோம். ரோட்டர் நிற்கிறது, புலம் 3000இல் பறக்கிறது, பின்தங்கல் முழுதாக நூறு வீதம். அந்த நேரத்தில் மோட்டர் வழமையான மின்னோட்டத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். ஒழுங்காகக் கிளம்பும் மோட்டருக்கு இது ஓரிரு விநாடி விஷயம். ஓடும்போது 6 அம்பியர் எடுக்கும் ஒரு குதிரைவலு மோட்டர் நின்றபடியே 30 அம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் ஐந்து மடங்கு மின்னோட்டம் இருபத்தைந்து மடங்கு சூட்டைத் தரும், அதைக் குளிர்த்த வேண்டிய பின்பக்க விசிறியும் ரோட்டரின் அச்சிலேயே இருப்பதால் அதுவும் சுற்றாது.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்பார்கள். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது மின்கசிவை மட்டும். உயிரைக் காக்க அது கட்டாயம் வேண்டும், ஆனால் கொயில் கருகிக்கொண்டிருந்தாலும் வெளியே கசிவு இல்லாதவரை அது பேசாமல் இருக்கும். பிரேக்கரும் அந்த அளவு மின்னோட்டத்துக்கு உடனே விழாது. மின்னோட்டம் அளவு மீறி நீடித்தால் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேதான், அதுவும் மோட்டரின் அளவுக்குச் சரியாக வைத்திருந்தால், காப்பாற்றும். கிணற்றடி மோட்டர்களில் அதை நான் காண்பது குறைவு, இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

உறுமுவதற்கான காரணத்தைத் தேட முதலில் மின்சாரத்தை முழுதாகத் துண்டியுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது, மாரி முழுக்கச் சும்மா கிடந்த பம்பில் காரையும் துருவும் சேர்ந்து இறுகியிருக்கும். இலகுவாகச் சுற்றினால் அடுத்த சந்தேகம் கப்பாசிட்டர். ஒற்றை பேஸ் மின்சாரத்தில் ஒரு கொயில் மட்டும் இருந்தால் புலம் சுற்றாது, முன்னும் பின்னுமாகத் துடிக்கும், அவ்வளவுதான். இரண்டாவது கொயிலும் கப்பாசிட்டரும் சேர்ந்துதான் அதைச் சுற்றவைக்கின்றன. கப்பாசிட்டர் பழுதான மோட்டரைக் கையாலோ தடியாலோ தள்ளிவிட்டால் தள்ளிய பக்கம் ஓடத் தொடங்கும், இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நாள்தோறும் தள்ளிவிட்டே இறைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், விரலும் போகும் மோட்டரும் போகும். மாற்றும்போது அதே மைக்ரோபரட், அதே வோல்ட் பார்த்துப் போடுங்கள், பெரியது போட்டால் பலம் கூடும் என்பது பிழை. பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, வோல்டேஜ். இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 230 வோல்ட் 180 ஆனால் கிளம்பும் பலம் அறுபது வீதத்துக்குச் சற்று மேல்தான். மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில் ஊர் முழுக்க மின்சாரம் பாவிக்கும், அந்த நேரத்தில் இறைப்பதைத் தவிர்க்கலாம். அதைவிடப் பெரிய பிரச்சினை வீட்டிலிருந்து கிணறுவரை இழுத்த மெல்லிய வயர். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 50 மீற்றர் தூரத்துக்கு 30 அம்பியர் போனால் வயரிலேயே 50 வோல்ட் அளவில் தொலைந்துவிடும், மோட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, சிங்கிரனஸ் மோட்டர் என்று இன்னொரு வகை இருக்கிறது, அது எங்கே வேறுபடுகிறது? அதன் ரோட்டர் தூண்டலுக்குக் காத்திருப்பதில்லை. நிரந்தரக் காந்தமாகவோ நேர்மின்னோட்டம் கொடுத்த மின்காந்தமாகவோ அது முன்பே காந்தந்தான், அதனால் சுற்றும் புலத்தோடு பூட்டிக்கொண்டு அதே வேகத்தில், ஸ்லிப் இல்லாமல் ஓடும். பாரம் கூடினால் ரோட்டர் புலத்திலிருந்து ஒரு சிறு கோணம் பின்வாங்குமே தவிர வேகம் குறையாது, எல்லை தாண்டினால் மட்டும் பூட்டு அறுந்துவிடும். சிக்கல் தொடக்கத்தில்தான். நின்ற இடத்திலிருந்து பறக்கும் பஸ்ஸில் ஏற முடியாது, கூடவே ஓடித்தான் ஏறவேண்டும். அதனால் பெரிய மோட்டர்களில் ரோட்டரில் தனியாகத் தண்டுகள் பதித்து இண்டக்சன்போலக் கிளப்பி, வேகம் கிட்டியதும் பூட்டவைப்பார்கள். மைக்ரோவேவ் தட்டைச் சுழற்றும் குட்டி மோட்டர் மிக இலேசானது என்பதால் நேரடியாகவே பூட்டிக்கொள்ளும், எந்தப் பக்கம் என்று நிச்சயமில்லாமல், அதனால்தான் தட்டு ஒருநாள் வலம், ஒருநாள் இடம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 300 மெகாவாட் இயந்திரங்களும் இதே குடும்பம், அங்கே அது மின்சாரத்தை எடுக்காமல் தருகிறது.

அரைக்கும் ஆலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மூன்று பேஸில் ஒன்று போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் இண்டக்சன் மோட்டர் நிற்காது. மீதி இரண்டில் 1.7 மடங்களவு மின்னோட்டம் இழுத்துக்கொண்டு ஓடும். கொயிலைத் திறந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும், ஸ்டார் இணைப்பில் (மூன்று கொயிலின் ஒவ்வொரு முனையும் ஓரிடத்தில் சேரும் இணைப்பு) இரண்டு பேஸ் கருகி மூன்றாவது புதிதுபோல இருக்கும். ஒரு பேஸ் போனதும் மோட்டரை நிறுத்தும் பேஸ் பெயிலியர் ரிலே ஒன்று, கொயிலைத் திரும்பச் சுற்றும் ரீவைண்டிங் கூலியைவிட மலிவு.

இப்போது வரும் பிஎல்டிசி (BLDC, பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டர்) மின்விசிறிகள் நிரந்தரக் காந்தக்காரர்கள். பழைய விசிறி 70, 75 வாட் எடுத்த இடத்தில் இவை 30 வாட் அளவில் ஓடும், நல்ல விஷயம், நானும் வாங்கச் சொல்வேன். ஆனால் புலத்தைச் சுற்றவைப்பது உள்ளே இருக்கும் எலெக்ட்ரோனிக் போர்ட், கப்பாசிட்டர் மாற்றி ஓடவைக்க முடியாது, சுவரிலிருக்கும் பழைய ரெகுலேட்டரையும் விலக்கிவிட வேண்டும். வாங்குமுன் அந்தப் போர்ட் தனியாகக் கிடைக்குமா, உத்தரவாதம் அதற்கும் சேர்த்தா என்று கடையில் கேளுங்கள். கொயில் என்றால் எந்த வைண்டிங் கடையிலும் சுற்றித் தருவார்கள், போர்டுக்கு அப்படி ஆள் கிடைப்பது இன்னும் கஷ்டம்.