ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர ஓர் உப்பளத்தைக் காப்பாற்ற வேண்டும்: 27-ஆம் அத்தியாயம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் நாட்டின் கையில், ஒன்றியத்தின் சட்டங்களை 35 அத்தியாயங்களாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் 27-வது, சுற்றுச்சூழலும் பருவநிலையும். காற்று, குடிநீர், சாக்கடை, குப்பை, ரசாயனம், காட்டுயிர் என்று 200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் அதற்குள் அடங்கும். பேச்சுவார்த்தை என்று பெயர்தானே தவிர, பேரத்துக்குப் பெரிதாக இடமில்லை. சட்டம் மாறாது, கால அவகாசம் கேட்கலாம், அவ்வளவுதான். 2013-இல் சேர்ந்த குரோவேஷியா, நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு 2023 வரை அவகாசம் வாங்கியது.

சரி, சேர விரும்பும் நாட்டில் இருக்கும் உறுப்பு நாடுகளின் தூதர்களுக்கு இதில் என்ன வேலை? இன்னொரு நாட்டில் உத்தரவு போட அவர்களால் முடியாது. ஆனால் ஓர் அத்தியாயத்தைத் திறக்கவும் மூடவும், அதாவது அதன் பேச்சுவார்த்தையைத் தொடங்கவும் முடிக்கவும், எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு முகம் சுளித்தாலும் காரியம் நின்றுவிடும். அதனால் தூதர் ஒரு வார்த்தை சொன்னால் அமைச்சர் காது கொடுத்துக் கேட்பார்.

ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் மாண்டினீக்ரோ நாட்டின் உல்சின் உப்பளத்தைப் பாருங்கள். சுமார் 1,500 ஹெக்டேர். பூநாரை உட்பட ஏராளமான பறவைகள் வலசை வரும் இடம். நிறுவனம் திவாலாகி உப்பு எடுப்பது நின்றதும், பறவைகளுக்கும் ஆபத்து வந்தது. இது இயற்கையான ஏரி இல்லையே! கடல்நீரைப் பம்பு வைத்து இறைத்து, மடை திறந்து பாத்தி பாத்தியாக விட்டால்தான் உப்புத்தன்மை நிற்கும். அந்த நீரில் வாழும் சின்ன உயிர்கள்தான் பூநாரைக்கு இரை. பம்பு நின்றால் மழைநீர் தேங்கும், வரப்பு உடையும். நிலத்தில் ஹோட்டல் கட்டலாம் என்ற பேச்சும் கிளம்பியது.

உள்ளூர் பறவை ஆர்வலர்கள் போராடினார்கள். ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகளின் தூதர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். 2018 டிசம்பரில் 27-ஆம் அத்தியாயம் திறக்கப்பட்டபோது, அதை மூடுவதற்கான நிபந்தனைகளில் இந்த உப்பளமும் பெயரோடு இடம்பெற்றது. பல வருட மனுக்களைவிட இந்த ஒரு வரிக்குக் கனம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2019-இல் அது இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

அழுத்தம் மட்டுமல்ல, பணமும் உண்டு. சேரக் காத்திருக்கும் நாடுகளுக்கென 2021 முதல் 2027 வரை சுமார் 1,400 கோடி யூரோ ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துத்தான். அப்புறம், உறுப்பு நாட்டு அதிகாரிகள் வந்து அமைச்சகத்திலேயே உட்கார்ந்து வேலை கற்றுத்தரும் ஏற்பாடும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஐரோப்பிய ஆணையம் வெளியிடும் அறிக்கை ஒரு முன்னேற்ற அட்டை மாதிரி.

சட்டப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு அமல்படுத்தாமல் விடுவது சேரக் காத்திருக்கும் நாடுகளில் பழைய கதை. அதனால்தான் உல்சினுக்கான நிபந்தனை அறிவிப்போடு நிற்கவில்லை. உப்பளத்தின் நிலை உண்மையிலேயே தேற வேண்டும் என்கிறது. அதற்குப் பம்பு ஓட வேண்டும், வரப்பைக் கட்ட வேண்டும், சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும்.