லேசான ஷூ வாங்குமுன்: எடை எங்கிருந்து குறைந்தது?

“காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் குதிகாலுக்கு மேலே கட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது டாக்டர். பத்து நிமிடம் நடந்தால் சரியாகிவிடும். ஓடிய மறுநாள் திரும்பவும் வந்துவிடுகிறது.”

நாற்பதைத் தாண்டியவர். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் என்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருப்பவர். தூரத்தைக் கூட்டினீர்களா, மேடு ஏறினீர்களா, வேகத்தை மாற்றினீர்களா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். சோதித்து முடித்து, அவர் கிளம்பும் நேரத்தில் ஷூவை மாட்டிக்கொண்டே, “இது மட்டும்தான் புதுசு. போட்டிருப்பதே தெரியவில்லை, தூக்கிப் பாருங்கள்” என்று நீட்டினார்.

உண்மையிலேயே லேசுதான். பழைய ஷூ ஒன்று 310 கிராம், இது 190. அவர் கவனித்த வித்தியாசம் அவ்வளவே. பழையதில் குதிகால் முன்பாதத்தைவிட 12 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது, புதியதில் வெறும் 4. இந்த உயர வித்தியாசத்தைத்தான் ஓடுபவர்கள் ‘டிராப்’ என்கிறார்கள். அது குறைந்தால் குதிகால் தாழ்கிறது. கெண்டைக்காலிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்கும் தடித்த குதிநாண் ஒவ்வொரு அடியிலும் முன்பைவிட அதிகம் இழுபடுகிறது. அரை மணி நேர ஓட்டத்தில் ஐயாயிரம் அடி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு காலுக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு இழுப்பு. மூன்று வாரமாக, பழக்கப்படுத்தாமல் இதைச் செய்திருக்கிறார்.

இயன்முறை சிகிச்சையில் இந்தக் கதையை நான் அடிக்கடி கேட்கிறேன். வலிக்கும் இடம்தான் மாறும். சிலருக்குக் குதிநாண், சிலருக்கு உள்ளங்கால், சிலருக்கு நடுப்பாத எலும்பு. ஆகவே, தினசரிப் பயிற்சிக்கு லேசான ஷூ தேடுகிறவர்கள் பெட்டியில் எத்தனை கிராம் என்று பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: இந்த எடையை எங்கிருந்து எடுத்தார்கள்? எடுத்த இடத்தில் ஷூ செய்துகொண்டிருந்த வேலையை இனி உங்கள் கால்தான் செய்யப்போகிறது.

லேசான ஷூவுக்குப் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாதம் என்பது காலின் கடைசி முனை. அங்கே கூடும் எடையை ஒவ்வொரு அடியிலும் தூக்கி, முன்னே வீசி, மறுபடியும் நிறுத்த வேண்டும். இடுப்பில் கட்டிய 100 கிராமைவிடக் காலில் கட்டிய 100 கிராம் உடலுக்கு அதிகச் செலவு வைக்கும். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்குத் தேவைப்படும் ஆக்சிஜன் சுமார் 1 சதவீதம் கூடுகிறது என்பது 1980-களிலிருந்து திரும்பத் திரும்ப அளக்கப்பட்ட விஷயம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ஓடுபவர்களுக்குத் தெரியாமலே ஷூவுக்குள் எடை வைத்து 3 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். 100 கிராமுக்கு நேரம் முக்கால் சதவீதத்துக்குச் சற்று மேலே கூடியது.

இதை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு, 100 கிராம் குறைந்த ஷூ ஏறக்குறைய 14 விநாடியை மிச்சப்படுத்தும். போட்டியில் அது பெரிய விஷயம். செவ்வாய்க்கிழமை காலை நிதான ஓட்டத்தில் அந்த 14 விநாடியால் என்ன ஆகப்போகிறது? அன்றாடப் பயிற்சியில் லேசான ஷூ தரும் உண்மையான லாபம், கால் சுறுசுறுப்பாக எழும்புகிற அந்த உணர்வுதான். அதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஓடப் பிடித்திருந்தால்தானே மறுநாளும் ஓடுவோம்.

எடை ஒன்றுதான் கணக்கு என்றால் வெறுங்கால்தான் எல்லோரையும் முந்த வேண்டும். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். அவரே 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் வென்றார். ஷூவால்தான் மூன்று நிமிடம் குறைந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் எடையைச் சமமாக்கி ஒப்பிட்டபோது, வெறுங்காலைவிட மெத்தென்ற லேசான ஷூவில் ஓடுவதற்கு ஆற்றல் குறைவாகவே செலவானது. தரையில் மோதும் அதிர்ச்சியை வாங்க ஏதோ ஒன்று வேண்டும். ஷூவில் அது இல்லையென்றால் தசை அந்த வேலையைச் செய்யும், அதற்கான செலவையும் உடலிடமே வாங்கிக்கொள்ளும்.

சரி, எடையை எங்கெல்லாம் குறைக்கிறார்கள்? ஒரு ஓட்ட ஷூவில் பெரும்பங்கு எடை மிட்சோல் என்னும் நடு அடுக்கு ஃபோமிலும், தரையைத் தொடும் ரப்பரிலும் இருக்கிறது. ஃபோமைச் செதுக்கி மெல்லியதாக்குவது ஒரு வழி. அப்படிச் செய்தால் மோதல் நேராகப் பாத எலும்புகளுக்குப் போகும். ரப்பரை அங்கங்கே விட்டுவிட்டு ஃபோமையே தரையில் உரசவிடுவது இன்னொரு வழி. இதில் காலுக்கு ஆபத்து குறைவு, ஆனால் ஷூ சீக்கிரம் தேய்ந்து, ஈரத் தரையில் வழுக்கவும் கூடும். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் கடினமான பின்கோப்பையை எடுத்துவிடுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஷூவின் பின்பக்கத்தை அழுத்திப் பாருங்கள், துணிபோல மடங்கினால் கோப்பை இல்லை என்று அர்த்தம். அடிப்பாகத்தின் அகலத்தையும் குறைப்பார்கள். அடிக்கடி கணுக்கால் பிரளுபவர்கள் கடைசியாகச் சொன்ன இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உயரமான, மிருதுவான, ஒடுக்கமான அடிப்பாகம் அவர்களுக்கு ஆகாது.

எதையும் வெட்டாமல் பொருளையே மாற்றி எடையைக் குறைக்கும் வழியும் உண்டு. 1970-களிலிருந்து ஷூக்களில் இருப்பது இ.வி.ஏ. என்னும் பிளாஸ்டிக் ஃபோம். 2013-ல் அடிடாஸ், டி.பி.யு. என்னும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் மணிகளை ஒட்டவைத்த ஃபோமைக் கொண்டுவந்தது. அது நன்றாகத் துள்ளும், நீடித்து உழைக்கும், ஆனால் கனம். 2017-ல் நைக்கியின் போட்டி ஷூவோடு பிரபலமானது பெபா என்னும் இன்னொரு பிளாஸ்டிக் வகை ஃபோம். அது லேசானது, நன்கு துள்ளுவது. இன்று தடிமனான அடிப்பாகம் இருந்தும் எடை குறைவாக இருக்கும் ஷூக்கள் வருவதற்கு இத்தகைய ஃபோம்கள்தான் காரணம். ஆகவே 220 கிராம் என்று எழுதிய இரண்டு ஷூக்கள் காலுக்குக் கொடுக்கும் வேலை முற்றிலும் வேறாக இருக்கலாம். இன்னொன்று, அந்தக் கிராம் கணக்கு பெரும்பாலும் நடுத்தர அளவு ஒன்றுக்குச் சொல்லப்படுவது. உங்கள் அளவு பெரியதென்றால் எடையும் கூடுதலாகவே இருக்கும்.

அடிப்பாக ஃபோமுக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த போட்டி ஷூவைத் தினமும் போடலாமா என்று கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். அவை வேகமான ஓட்டத்துக்காக உருவானவை. 2020-ல் உலகத் தடகள அமைப்பு சாலைப் போட்டிகளுக்கு அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் கூடாது என்று விதி போடும் அளவுக்கு அவை சக்தி வாய்ந்தவை. மெதுவாக ஓடும் நாளில் அந்த விறைப்பும் உயரமும் கணுக்காலையும் பாதத்தையும் பழக்கமில்லாத விதத்தில் வேலை வாங்கும்.

மெல்லிய ஷூவுக்கு அவசரமாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தெளிவான ஆய்வு இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் விரல் விரலாகப் பிரிந்த கையுறை போன்ற ஷூக்கள் பரவிய காலம். அனுபவமுள்ள ஓட்டக்காரர்களை 10 வாரத்தில் படிப்படியாக அந்த ஷூவுக்கு மாற்றி, முன்னும் பின்னும் பாதத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. அது எலும்பு தாங்கமுடியாமல் திணறுவதன் அடையாளம். வழக்கமான ஷூவிலேயே ஓடிய குழுவில் ஒருவருக்குத்தான் அப்படி இருந்தது. 10 வாரம் என்பது நமக்கு நீண்ட காலமாகத் தெரிகிறது, எலும்புக்கு அது போதவில்லை. தசை சில வாரங்களில் பழகிவிடும். நாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு நன்றாக இருக்கிறது, தசை வலிக்கவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று நினைக்கும் அந்த இடைவெளியில்தான் காயம் உருவாகிறது.

உடல் எடையும் இதில் சேரும். மிக மெல்லிய ஷூக்களில் ஓடியவர்களை ஆராய்ந்தபோது, உடல் எடை கூடியவர்களுக்குக் காயத்துக்கான வாய்ப்பும் கூடியது. ஓடும்போது ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையோடு இறங்குகிறது. எடையைக் குறைப்பதற்காக இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால், 250 முதல் 300 கிராம் வரையுள்ள சாதாரணப் பயிற்சி ஷூவில் ஆறு மாதமாவது ஓடுங்கள். லேசானதை அப்புறம் பார்க்கலாம்.

பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ வாங்க வேண்டும் என்று பலரும் ஈரக்கால் தடத்தைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தட்டைப் பாதம் என்றால் இந்த ஷூ, உயர்ந்த வளைவு என்றால் அந்த ஷூ என்பது பல காலமாகச் சொல்லப்பட்டு வருவது. அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் படை மூன்றிலும் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பாதிக்கு இப்படிப் பாத வடிவம் பார்த்தும், மறுபாதிக்குப் பார்க்காமல் ஒரே வகையாகவும் ஷூ கொடுத்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் காயங்களில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நான் தடத்தைவிட, போட்டவுடன் கால் என்ன சொல்கிறது என்பதைத்தான் நம்புகிறேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே எங்காவது அழுத்துகிற, உரசுகிற ஷூ பழகப் பழகச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

போட்டுப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. மாலையில் போங்கள், பகல் முழுக்க நின்று நடந்த கால் சற்று உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். ஓடப் போடும் அதே சாக்ஸை எடுத்துப் போங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரியது, பெரியதற்கு ஏற்ற அளவை வாங்க வேண்டும். எழுந்து நின்று பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும். அந்த விரல் எல்லோருக்கும் பெருவிரலாகவே இருக்கும் என்பதும் இல்லை. நகம் கறுத்துப்போய் வருகிறவர்களில் பலருக்கு இந்த ஓர் இடம்தான் குறை. லேசான ஷூக்கள் முன்பக்கம் குறுகி வருவதுண்டு, ஆகவே சுண்டுவிரல் பக்கத்தையும் பாருங்கள். குதிகால் நழுவினால் சின்ன அளவுக்குத் தாவாமல், மேலே விட்டுவைத்திருக்கும் கடைசித் துளையில் கயிற்றைக் கோத்து இறுக்கிப் பாருங்கள். கடைக்குள் நடந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், அனுமதி கேட்டு இரண்டு நிமிடமாவது ஓடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் கண்ணாடி பிம்பத்தைப் பார்க்க வேண்டாம், காலைக் கவனியுங்கள்.

வாங்கியாயிற்று என்றால் பழைய ஷூவை உடனே ஓரங்கட்டிவிடாதீர்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். மறுநாள் காலை முதல் அடி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். குதிகாலிலோ உள்ளங்காலிலோ விறைப்பு இல்லையென்றால் மெல்ல நீட்டுங்கள். டிராப் அதிகம் மாறியிருந்தால் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கெண்டைக்காலையும் தயார்ப்படுத்துங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழுசாகத் தூக்கி இறக்குங்கள். தொடர்ந்து இருபது முறையை ஒட்டிச் செய்ய முடியாத கெண்டைக்கால், குறைந்த டிராப் ஷூவுக்கு இன்னும் தயாராகவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதும் நல்லது. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒவ்வொரு ஷூவும் பாரத்தைச் சற்று வேறு இடத்தில் இறக்குகிறது, அதனால் ஒரே இடம் தினமும் அடி வாங்குவதில்லை என்பது அதற்கான விளக்கம். லேசான ஷூவுக்கு ஆயுளும் குறைவு. சாதாரணப் பயிற்சி ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும் என்றால், லேசானது பெரும்பாலும் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். மேல்துணி புதிதாகவே இருக்கும், உள்ளே ஃபோம் செத்துப்போயிருக்கும்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மேலே சொன்ன ‘காலைக் கேளுங்கள்’ என்ற யோசனை பொருந்தாது. கால் சொல்லும், அவர்களுக்குக் கேட்காது. மருத்துவரிடம் காட்டாமல் ஷூவை மாற்ற வேண்டாம். ஓடி முடித்த ஒவ்வொரு முறையும் சாக்ஸைக் கழற்றி, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு எப்போது நிறுத்த வேண்டும்? பரவலாக வரும் தசை வலி ஓரிரு நாளில் போய்விடும். பாதத்தின் மேல்பக்கத்தில் ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தால், ஓட ஓட அது குறையாமல் ஏறினால், எலும்பில் மயிரிழை விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம். முதல் சில வாரங்கள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சிகிச்சைக்குப் போங்கள். போகும்போது இரண்டு ஷூக்களையும் எடுத்துப் போங்கள், புதியதையும் பழையதையும். முதலில் சொன்னவருக்கு என்ன ஆனது என்பதைப் பழைய ஜோடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.