குழந்தை யாரைத் தன் ஆளாகத் தெரிந்துகொள்கிறது?

இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ குழந்தைகளுக்கான கிளினிக் நடக்கும் நாளில் சற்று நேரம் இருந்து பார்த்தால் ஒன்று புலப்படும். நிறை பார்ப்பதற்காகக் குடும்பநல உத்தியோகத்தர் கை நீட்டும்போது, நான்கு மாதப் பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தபடி போய்விடும். அதே பிள்ளை எட்டு, ஒன்பது மாதத்தில் தாயின் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டு வீரிட்டு அழும். பிள்ளைக்கு நாவூறு பட்டுவிட்டதென்றும் பயந்த குணம் வந்துவிட்டதென்றும் வீட்டார் கவலைப்படுவதுண்டு. அந்த அழுகை நோயன்று. பிள்ளைக்குள் ஒரு பிணைப்பு உருவாகியிருப்பதன் அடையாளம்.

அதற்கான ஆயத்தம் கருவிலேயே தொடங்குகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்பதற்காகவே சூப்பியைச் சூப்பும் வேகத்தை மாற்றிக்கொள்கின்றன என்பதை 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் ஆய்வாளர்கள் காட்டினர். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம். பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாயின் முகம் இருக்கும் தூரமும் அதுவே. ஆயினும் இவை வெறும் அடையாளங் காணல்தான். ஆறு முதல் எட்டு வாரங்களில் மலரும் சிரிப்பு எவருக்கும் கிடைக்கும்.

பசி தீர்ப்பவரிடமே குழந்தை ஒட்டிக்கொள்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஹாரி ஹார்லோ என்னும் உளவியலாளர், தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியால் செய்த, பால் தரும் பொம்மைத் தாய் ஒன்றையும், துணி போர்த்திய, பாலில்லாத பொம்மைத் தாய் ஒன்றையும் வைத்தார். குட்டிகள் கம்பியிடம் பால் குடித்துவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் துணியையே கட்டிக்கொண்டு கிடந்தன. அந்தக் குட்டிகளுக்கு இழைக்கப்பட்டது கொடுமையே. ஆனாலும் பாலைவிட அணைப்பே பெரிது என்பது அங்கே ஐயமின்றித் தெரிந்தது.

அணைப்போடு மறுமொழியும் வேண்டும். பிரித்தானிய உளமருத்துவரான ஜோன் போல்பி இப்பிணைப்பை உயிர் பிழைப்பதற்கான இயல்பூக்கமாக விளக்கினார். அவருடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வேர்த், 1950களில் உகண்டாவின் கம்பாலாவை அண்டிய கிராமங்களில் வீடுவீடாகச் சென்று தாய்மாரையும் பிள்ளைகளையும் அவதானித்தார். பிள்ளை தரும் சிறு குறிப்புகளைக் கவனித்து, அவற்றைச் சரியாக விளங்கி, தாமதமின்றிப் பதில் தரும் தாயிடம் உறுதியான பிணைப்பு உண்டாகிறது என்பதே அவருடைய முக்கியமான முடிவு. அத்தகைய பிள்ளை தாயை விட்டு முற்றத்தில் தவழ்ந்து போகும், இடையில் திரும்பிப் பார்க்கும், அவள் அங்கேயே இருப்பதைக் கண்டபின் மேலும் போகும்.

இந்த மறுமொழி எவ்வளவு நுணுக்கமானது என்பதை 1970களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த ஆய்வில் காணலாம். பிள்ளையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தை அசைவின்றி வைத்துக்கொள்வாள். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடும். ஆனால் எந்தத் தாயும் எப்போதும் சரியாகப் பதில் தருவதில்லை. அன்றாடக் கொஞ்சலில் இசைவு தவறுவது இயல்பு. தவறியதைத் திரும்பச் சரிசெய்வதே பிள்ளைக்கு நம்பிக்கை தருகிறது என்று ட்ரோனிக் கண்டார். வேலையால் களைத்துப்போகும் தாய்மார் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஏழெட்டு மாதமளவில் கண்ணுக்கு மறைந்தவரும் எங்கோ இருக்கிறார் என்பதைப் பிள்ளையின் மூளை புரிந்துகொள்ளத் தொடங்குகிறது. அதனால்தான் பிரிவு அப்போது உறைக்கிறது.

இனி, வன்னியில் பலருடைய மனதை அரிக்கும் கேள்வி ஒன்றுண்டு. போரில் துணையை இழந்தவர்களும் வறுமையில் வாடுபவர்களுமாய்ப் பல பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குப் போக, பிள்ளையை அம்மம்மா வளர்க்கிறார். அம்மம்மாவிடம் உண்டாகும் பிணைப்பு குறைந்ததா? ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து அவதானித்து ஷாஃபர், எமர்சன் ஆகியோர் 1964இல் வெளியிட்ட ஆய்வின்படி, 18 மாத வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பிணைப்புக் கொண்டிருந்தன. எனவே அம்மம்மாவின் மடியும் முழுமையான மடியே. பிள்ளையைப் பாதிப்பது பழகிய ஆள் திடீரென இல்லாமற்போவதுதான். ஆதலால் தாய் புறப்படுமுன் சில வாரங்களாவது இருவரும் சேர்ந்து பிள்ளையைப் பராமரிப்பது நல்லது.

தாய் திரும்பி வரும் நாளும் கவனத்துக்குரியது. இரண்டு வருடங்களின் பின் வந்தவளைக் கண்டு பிள்ளை அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தால், "பெத்த தாயைத் தெரியேல்லையோ?" என்று சுற்றம் கேட்கும். பிள்ளை நன்றிகெட்டதன்று. தாயரை விட்டு நெடுநாள் மருத்துவமனையில் இருந்த சிறுவர்கள், தாய் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதை ஜேம்ஸ் ரொபேட்சனும் போல்பியும் 1950களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளையை இழுத்து அணைக்காமல், அம்மம்மாவின் பக்கத்திலேயே இருந்து, அது நீட்டும் பொருளை வாங்கி, அது பேசும்போது பதில் சொல்லி வந்தால், தொடக்கத்தில் பிணைப்பு உருவான அதே வழியில் மீண்டும் உருவாகும். அதுவரை அம்மம்மாவைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கக் கூடாது. பிரித்தால் அதற்கு இரண்டாவது இழப்பு நேர்ந்துவிடும்.