எம்.எஸ். இருக்கிறதா என்று மரபணு ரிப்போர்ட் சொல்லாது

மறுபடியும் அதே மாதிரி ஒரு ஃபைல். உள்ளே வழவழப்பான தாளில் மரபணு ரிப்போர்ட், எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1*15:01 'பாசிட்டிவ்' என்று சிவப்பு எழுத்தில். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ். - உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) வந்துவிட்டதாக வீடே இடிந்துபோயிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையும் எடுக்கவில்லை.

அந்த மரபணு வகை எம்.எஸ். வரும் வாய்ப்பைச் சுமார் 3 மடங்கு கூட்டும், உண்மைதான். ஆனால் எதில் 3 மடங்கு? நோய் அதிகமாக உள்ள வட ஐரோப்பாவிலேயே ஆயிரத்துக்குச் சுமார் 2 பேருக்குத்தான் எம்.எஸ். இந்த மரபணு வகையோ அங்கே ஏறத்தாழ நாலில் ஒருவரிடம் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அது இல்லாத பலருக்கு வருகிறது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால்கூட, மற்றவருக்கு வரும் வாய்ப்பு 100-க்குச் சுமார் 25 தான். இத்தனைக்கும் இருவருக்கும் மரபணு ஒன்றே. எனவே அந்த 'பாசிட்டிவ்' நோய் இருக்கிறது என்று சொல்லாது, 'நெகட்டிவ்' இல்லை என்றும் சொல்லாது. எம்.எஸ்.ஸோடு தொடர்புடைய எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான ஆன்டிபாடியும் (எதிர்ப்புப் புரதம்) அப்படியே. பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருப்பதை வைத்து யாரைப் பிரித்தறிவது?

டாக்டர்களே, நாம் கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனை அக்வாபோரின்-4 ஆன்டிபாடி. 2004-இல் கண்டறியப்பட்ட இது, எம்.எஸ். போலவே தோன்றும், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா நோயைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு கண்ணும் மங்குவது, தண்டுவட வீக்கம் 3 முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ பரவுவது, நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் (எண்டோஸ்கோப்பி நார்மல் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்!) இவற்றில் எது இருந்தாலும் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எம்.எஸ். என்று நினைத்து இந்த நோய்க்கு எம்.எஸ். மருந்துகளான இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் கொடுத்தால் நோய் முற்றும். ஒரே தாக்குதலில் பார்வை நிரந்தரமாகப் போகலாம்.

குழந்தைகளிடமும், கண் நரம்பு நன்றாக வீங்கியவர்களிடமும் மாக் (MOG) ஆன்டிபாடியையும் பாருங்கள்; எம்.எஸ். போலத் தோன்றும் இன்னொரு நோயை அது காட்டும். ஆனால் தலைவலி, மரமரப்பு என்று வருகிற எல்லோருக்கும் எழுதாதீர்கள். மெலிதான பாசிட்டிவ் வரும், அதன் பின்னால் தேவையில்லாத மருந்து வரும்.

ரத்தத்தை பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சைக்கு முன், முடிந்தால் ஊசி ஸ்டீராய்டுக்கும் முன் எடுங்கள். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் 3 முதல் 5 மி.லி. போதும். ரிசல்ட் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டாம். ரத்தம் எடுத்த கையோடு மருந்தை ஆரம்பியுங்கள். லேபில் 'செல் பேஸ்டு அஸே' (செல்களின் மேல் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்ப்பது) முறையா என்று கேளுங்கள். எலைசா என்ற இன்னொரு முறையில் குறைந்த அளவு பாசிட்டிவ் வந்தால் இந்த முறையில் மறுபடி பார்த்தே ஆகவேண்டும். நெகட்டிவ் வந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் சில மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

எம்.எஸ்.ஸுக்காகத் தண்டுவட நீரை ஆலிகோகுளோனல் பேண்டு (ஆன்டிபாடிப் பட்டைகள்) பரிசோதனைக்கு அனுப்பும்போது அன்றே எடுத்த ரத்தத்தையும் கூட அனுப்ப வேண்டும். ரத்தத்தில் இல்லாமல் நீரில் மட்டும் இருக்கும் பட்டைகள்தான் கணக்கு. ரத்தம் அனுப்ப மறந்தால், இடுப்பில் ஊசி குத்தியது வீண். வைட்டமின் பி12 குறைந்தாலும் நரம்பு பாதிக்கும்; அதன் அளவை முதல் நாளே பார்த்துவிடுங்கள். குறைந்த செலவு, தீர்க்கக்கூடிய குறை.

எம்.எஸ். உள்ள தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு 100-க்கு 2, 3 தான். நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு அந்த மரபணுப் பரிசோதனை வேண்டாம், தாயே.