கிரீன்லாந்துக் கப்பலில் ஏறும் முன்: மருத்துவப் படிவத்தில் எதை மறைக்கிறீர்கள்?

பயணத்துக்கு முன் கப்பல் நிறுவனம் ஒரு மருத்துவப் படிவம் அனுப்பும். அதில் இருதய சிகிச்சை ஏதும் எடுத்திருக்கிறீர்களா என்று கட்டாயம் ஒரு கேள்வி இருக்கும். ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, கைப்பையில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். கடல் கொந்தளித்து வாந்தி எடுத்த பிறகு, “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று நான் கேட்கும்போதுதான் பை திறக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்தாலே இருதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் என்று எந்த மருத்துவருக்கும் புரிந்துவிடும். ஏன் சொல்லவில்லை என்றால், “சொன்னா ஏத்த மாட்டாங்கன்னு பையன்தான் போட வேணாம்னான் டாக்டர்” என்பார்கள்.

எக்ஸ்பெடிஷன் கப்பல்களில் மருத்துவராக வேலை பார்க்கிறேன். கிரீன்லாந்தின் ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே போகும் குறுகிய கடல்), ஆயிரம் வருடத்துக்கு முன் நோர்ஸ் மக்கள், அதாவது வைக்கிங் கால ஸ்காண்டிநேவியர்கள், குடியேறிய பழைய ஊர்கள், இவைதான் வழக்கமான தடம். இப்போது தமிழ் பேசும் பயணிகளும் வருகிறார்கள். பிள்ளைகள் ஆஸ்லோவிலோ லண்டனிலோ டொரண்டோவிலோ வேலையில் இருப்பார்கள். அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கோ ரிட்டயர்மென்ட்டுக்கோ டிக்கெட் போட்டுக் கொடுப்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் படிவத்தை நிரப்புவதும் அதே பிள்ளைகள்தான். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் படிவம் உங்களைக் கழித்துக்கட்டுவதற்காக வைத்தது இல்லை. கப்பலில் நான் எந்த மருந்தை எவ்வளவு ஏற்றிக்கொள்ள வேண்டும், எந்தப் பயணியை எந்தப் படகில் எங்கே உட்கார வைக்க வேண்டும், எந்தக் கரை இறங்கலுக்கு யார் வரக்கூடாது என்றெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாகிறது. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகி, இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறவர் என்றால் நான் பெரும்பாலும் தடை சொல்வதே இல்லை.

சரி, அப்படி என்ன ஆபத்து? தூரம்தான்.

2023 செப்டம்பர் 11 அன்று ‘ஓஷன் எக்ஸ்ப்ளோரர்’ என்ற கப்பல் வடகிழக்கு கிரீன்லாந்தின் ஆல்ப்ஃபியோர்டில் தரைதட்டியது. உள்ளே 206 பேர். உதவிக்குக் கிளம்பிய டென்மார்க் கடற்படைக் கப்பல் அப்போது சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கடைசியில் 14ஆம் தேதி ‘தாராயொக்’ என்ற மீன்வள ஆராய்ச்சிக் கப்பல் வந்து, கடல் ஏற்றத்தின்போது இழுத்து விடுவித்தது. யாருக்கும் காயமில்லை, கப்பலும் உடையவில்லை. அந்த மூன்று நாளில் ஒருவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதுதான் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

என் அறையைச் சொல்கிறேன். இரண்டு கட்டில், ஒரு இசிஜி, மானிட்டர், டிஃபிப்ரிலேட்டர், ஆக்ஸிஜன், தையல் போடவும் கட்டுப் போடவும் வேண்டியவை, ஓரளவுக்கு ரத்தப் பரிசோதனை, ஒரு அலமாரி நிறைய மருந்து. மாரடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆஞ்சியோ செய்ய முடியாது. சிடி ஸ்கேன் கிடையாது. அதனால் ஒருவருக்கு வாய் கோணினால் அது மூளையில் ரத்த அடைப்பா கசிவா என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் அந்த ஊசியைப் போடவும் முடியாது. ரத்த வங்கி கிடையாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் படியில் விழுந்து தலையில் அடிபட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

கரைக்குப் போனால்? கிரீன்லாந்தின் மக்கள்தொகை சுமார் 57,000. நம் ஊரில் ஒரு நகராட்சிக்கு இருக்கிற அளவு. பெரிய மருத்துவமனை தலைநகர் நூக்கில் இருக்கும் ராணி இங்க்ரிட் மருத்துவமனை. தெற்கில் ககொர்டொக்கில் ஒரு மருத்துவமனை உண்டு. சிக்கலான கேஸ் என்றால் அவர்களே டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கோ ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்குக்கோ அனுப்புகிறார்கள். கிழக்குக் கரையில் ஸ்கோர்ஸ்பி சவுண்டு என்ற பெரிய ஃபியோர்டுக்குள் போய்விட்டால் அந்தப் பரப்பு முழுவதுக்கும் இட்டொகொர்டூர்மீட் என்ற ஒரே ஒரு சின்ன ஊர். ஹெலிகாப்டர் வரும், ஆனால் மூடுபனியில் வராது. தெற்குக் கரையில் கோடையின் முதல் பாதியில் கிழக்கிலிருந்து மிதந்து வரும் கடல்பனியோடு மூடுபனியும் சேர்ந்து வரும். சில சமயம் அது நாள்கணக்கில் விலகாது.

இந்தத் தூரம் புதிதில்லை. ககொர்டொக்கிலிருந்து படகில் போகிற தூரத்தில் ஹ்வால்ஸே என்ற இடத்தில் ஒரு கல் தேவாலயம் நிற்கிறது. 985 வாக்கில் சிவப்பு எரிக் என்பவர் ஐஸ்லாந்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து தொடங்கிய குடியேற்றத்தில் இன்று நன்றாக மிஞ்சியிருக்கும் கட்டடம் அதுதான். கூரை போய்விட்டது, சுவர்கள் நிற்கின்றன. நார்வேயிலிருந்து ஐஸ்லாந்துக்குக் கிளம்பிய ஒரு கப்பல் 1406-இல் திசை மாறி இங்கே வந்து சேர்ந்தது. அதில் வந்த தோர்ஸ்டைன் ஓலாஃப்ஸன் 1408 செப்டம்பரில் இந்தத் தேவாலயத்தில் சிக்ரிட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வந்தவர்கள் திரும்பிக் கிளம்பியது 1410-இல்தான். கிரீன்லாந்து நோர்ஸ் மக்களின் வாழ்க்கையைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் கடைசி நிகழ்ச்சி அந்தக் கல்யாணம்தான். ஏன் மறைந்தார்கள் என்பதற்குக் குளிர் கூடியது, வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்தை விற்கும் வியாபாரம் படுத்தது, கப்பல் வரத்து நின்றது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். நான் மருத்துவன், அந்த வழக்குக்குள் போகவில்லை.

ஹ்வால்ஸேயில் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கட்டுப் போடும் மணிக்கட்டுகளில் பாதி இந்த மாதிரி இறங்கல்களில் உடைகிறவை. அங்கே கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். பக்கவாட்டுக் கதவிலிருந்து ரப்பர் படகுக்கு இறங்க வேண்டும். படகு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். மாலுமி கையை நீட்டுவார். அவர் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், வழுக்கிவிடும். அவர் முழங்கைக்குக் கீழே நீங்கள் பிடிக்க வேண்டும், உங்கள் முழங்கைக்குக் கீழே அவர் பிடிப்பார். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கேமரா, கைத்தடி, செல்போன் எல்லாம் பைக்குள். அவர் ‘இப்போ’ என்று சொன்னால்தான் கால் எடுத்து வைக்க வேண்டும், “நானே இறங்கிக்கிறேன்” என்று வீரம் காட்டக்கூடாது.

படகில் எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். முன்பக்கம் உட்கார்ந்தால் படம் நன்றாக வரும், முதுகெலும்பு நொறுங்கும். வேகமாகப் போகும்போது படகின் மூக்கு தூக்கித் தூக்கி அடிக்கும். எலும்பு மெலிந்த பெண்களுக்கு ஒரே அடியில் முதுகெலும்புக் கட்டை நசுங்கிவிடும். மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவர்கள் தயவுசெய்து பின்பக்கம், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். படிவத்தில் ‘ஆஸ்டியோபோரோசிஸ்’ என்று எழுதியிருந்தால் நானே அங்கே உட்கார வைப்பேன்.

கரையில் கடல்பாசி படிந்த பாறை. அதைத் தாண்டினால் முழங்கால் உயரப் புல், புல்லுக்குள் சுமார் அறுநூறு வருடத்துக்கு முன் கைவிட்ட வீடுகளின் கற்கள். பார்ப்பதற்குப் பச்சை மெத்தை மாதிரி இருக்கும், கால் வைத்தால் குழி. வாக்கிங் போகிறேன் டாக்டர் என்பார்கள். கடற்கரைச் சாலையில் தட்டையான நடைபாதையில் நடப்பது இதற்குக் கணக்கில் வராது. இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள், ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள்.

தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்பார்கள். உறைந்து சாவதற்கு முன்பே மூச்சு திணறித்தான் பெரும்பாலும் சாகிறார்கள். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர் உடம்பில் பட்டவுடன் நாம் அறியாமலே ஒரு பெரிய மூச்சு இழுப்போம். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலில் தண்ணீர். முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். நன்றாக நீச்சல் தெரியும் என்பதால் லைஃப் ஜாக்கெட்டின் காலிடைப் பட்டையைக் கட்டாமல் விடாதீர்கள், ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும். இருதய நோயாளிகளுக்கு அந்த முதல் நிமிடமே போதும், துடிப்பு தாறுமாறாகிவிடும். கப்பலில் சில நாள் ‘போலார் பிளஞ்ச்’ என்று அந்தக் குளிர்ந்த கடலில் குதிக்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள். ஸ்டென்ட்காரர்கள் மேலே நின்று கைதட்டினால் போதும்.

கேப்டன் ஒரு இறங்கலை ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள். ‘இவ்வளவு பணம் கட்டி’ என்ற குரல் எல்லா மொழியிலும் கேட்கிறது. ஓஷன் எக்ஸ்ப்ளோரர் விடுபட்டு இரண்டே நாள் கழித்து, செப்டம்பர் 16 அன்று, அதே வடகிழக்குப் பகுதியின் டிக்ஸன் ஃபியோர்டில் ஒரு மலைச்சிகரம் சரிந்து விழுந்தது. அடியில் முட்டுக் கொடுத்திருந்த பனியாறு மெலிந்துபோனதுதான் காரணம். எழுந்த அலையின் உயரம் 200 மீட்டர். அந்தக் குறுகிய ஃபியோர்டுக்குள் தண்ணீர் இங்கும் அங்கும் ஆடியதில் உலகம் முழுக்க நிலநடுக்கக் கருவிகள் ஒன்பது நாள் அதிர்வைப் பதிவு செய்தன. அந்த வழியில் சுற்றுலாக் கப்பல்கள் போய்வருவது வழக்கம். அன்று எதுவும் அங்கே இல்லை, அதனால் ஆள்சேதமில்லை. 2017 ஜூனில் மேற்குக் கரையின் காரட் ஃபியோர்டில் இப்படிச் சரிந்தபோது நூகாட்சியாக் என்ற கிராமத்தில் நாலு பேர் போனார்கள். மலைச்சரிவு என்றாவது நடப்பது. மிதக்கும் பனிப்பாறை புரள்வது தினசரி நடப்பது. இலுலிசாட் பனி ஃபியோர்டில் கடற்கரையில் நடக்காதே, திடீர் அலை வரும், உயிர் போகும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்றுதான் நம் ஆட்கள் செல்ஃபி எடுக்கிறார்கள்.

இனி மருந்துகள். பயண நாட்களுக்கு மேல் குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரை கையில் வேண்டும், அதுவும் கைப்பையில். பெட்டி ரெய்க்யவிக்குக்கு வராமல் போனால் ஃபியோர்டுக்குள் மெடிக்கல் ஷாப் இல்லை. இன்சுலினை வெளி ஜாக்கெட் பையில் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது. பனியனுக்கு மேலே, ஸ்வெட்டருக்கு உள்ளே வையுங்கள். சர்க்கரை பார்க்கும் மெஷினும் குளிரில் தப்புக் கணக்குக் காட்டும், அதையும் உடம்போடு வையுங்கள். வாந்திக்கு அவோமின் போடுகிறவர்கள் கப்பல் ஆட ஆரம்பிப்பதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டால் மாத்திரையே வெளியே வந்துவிடும். ஆனால் புராஸ்டேட் வீக்கம் இருக்கும் பெரியவர்களுக்கு அது சிறுநீரை அடைக்கக்கூடும், குறிப்பிட்ட வகை கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. நடுக்கடலில் சிறுநீர் அடைத்து, இரவு ஒரு மணிக்கு என் கதவைத் தட்டிய பெரியவர்கள் உண்டு.

உடைக்கு ஒரே விதி, பருத்தி வேண்டாம். வியர்த்து நனைந்த பருத்திப் பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் கதகதப்பைக் கொஞ்சம் காக்கும். தெற்குமுனையில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைத் தோட்டத்தில் 1921-இல் தோண்டியபோது உறைந்த மண்ணுக்குள் அந்தக் கால நோர்ஸ் உடைகள் கிடைத்தன. நீண்ட வால் வைத்த தலைமூடி, கவுன், காலுறை, எல்லாம் ஆட்டுக் கம்பளி. ஜூலையில் போகிறவர்கள் கொசுவலைத் தொப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கு கிரீன்லாந்தில் கொசுவா என்று சிரிக்காதீர்கள்.

காகிதங்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) மட்டும் போதாது. கிரீன்லாந்து ஷெங்கனில் இல்லை, தனி அனுமதி வேண்டும். ஐஸ்லாந்திலிருந்து கிளம்பி அங்கேயே திரும்புவது என்றால் ஷெங்கனும் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இன்சூரன்ஸில் தொகையை மட்டும் பார்க்காமல், ‘கப்பலிலிருந்து, கிரீன்லாந்திலிருந்து விமானத்தில் வெளியேற்றும் செலவு’ சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லாமல் எடுத்த பாலிசி, அந்த நோய்க்கே தேவைப்படும்போது கைவிரித்துவிடும். படிவத்தில் மறைத்தது இங்கேயும் வந்து கடிக்கும். கடைசி இசிஜி, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். பழைய இசிஜி இல்லாமல் புதியதில் தெரியும் மாற்றம் நேற்றையதா பத்து வருடத்துக்கு முந்தையதா என்று சொல்ல முடியாது. போனில் இருக்கிறது என்பார்கள்; சார்ஜ் இருக்காது. அந்த ஹ்வால்ஸே தம்பதிகூட, கல்யாணம் முறைப்படி நடந்தது என்று 1409-இல் பாதிரியார்களிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் கிரீன்லாந்தை விட்டுக் கப்பலேறினார்கள்.

உங்கள் மருத்துவர் கிரீன்லாந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றால் வடக்கும் நோர்ஸும் முடிந்துபோய்விடாது. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேதான் இருக்கின்றன. போர்க் என்ற ஊரில் 83 மீட்டர் நீளமுள்ள ஒரு வைக்கிங் தலைவனின் வீட்டின் அடித்தளம் கிடைத்து, பக்கத்திலேயே அதேபோல ஒன்றைக் கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வாசல் வரை கார் போகும். ஃபியோர்டை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம். கிராவ்டாலில் மருத்துவமனை இருக்கிறது, பெரிய கேஸ் என்றால் பூடோ நகரத்து மருத்துவமனை. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள் என்று யார் கேட்டாலும் நான் அங்கேதான் அனுப்புகிறேன்.