அம்மியைக் கரைக்காத புளி மார்பிளை ஏன் கரைக்கிறது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார். வீட்டைப் புதுப்பிக்கும்போது சமையல் மேடைக்கு ஆசை ஆசையாக வெள்ளை மார்பிள் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது வாரமே, ரசத்துக்குப் புளி கரைத்து வைத்த கிண்ணத்தின் அடியில் வட்டமாக ஒரு மங்கல். சோப்பு போட்டுத் தேய்த்தார், போகவில்லை. எலுமிச்சை மூடியால் தேய்த்தார், இன்னும் பெரிதாகிவிட்டது. எந்தப் பவுடர் வாங்கினால் இந்தக் கறை போகும் என்பது அவர் கேள்வி.

எதுவும் வாங்க வேண்டாம், ஏனென்றால் அது கறையே இல்லை. கல்லின் மேல் எதுவும் ஒட்டியிருந்தால்தானே தேய்த்து எடுக்க முடியும்? இங்கே கல்லில் கொஞ்சம் கரைந்து போயிருக்கிறது.

மார்பிள் என்பது பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய சுண்ணாம்புக்கல். முட்டை ஓட்டிலும் கிளிஞ்சலிலும் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரிலும் புளித்த மாவிலும் லாக்டிக் அமிலம். இவை எல்லாமே தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகளை விடுகின்றன, இது பள்ளியில் படித்ததுதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரு கார்பனைச் சுற்றி மூன்று ஆக்சிஜன், அதுதான் கார்பனேட். ஒரு ஹைட்ரஜன் அயனி வந்து அதில் ஒட்டினால் பைகார்பனேட். அதுவரை பெரிய சேதம் இல்லை, திரும்பிப் போக வழி இருக்கிறது. இரண்டாவதும் ஒட்டினால் கார்பானிக் அமிலம், அது நிலைத்து நிற்காமல் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு வாயு, குமிழியாகக் கிளம்பிக் காற்றோடு போய்விடும். போனது திரும்பி வந்தால்தானே மறுபடி கல்லாக முடியும்? வராது. அதனால் வினை ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும், அமிலம் தீரும்வரை அல்லது நீங்கள் துடைக்கும்வரை. துணைக்கு ஆளில்லாமல் நிற்கும் கால்சியம், துடைக்கிற துணியோடு வந்துவிடும்.

எவ்வளவு கரைந்திருக்கும்? கையால் தடவினால் பள்ளம் தெரியாது. ஆனால் பாலிஷ் என்பதே, ஒளியின் அலைநீளத்தைவிட மேடுபள்ளம் சிறிதாகும்வரை கல்லை இழைப்பதுதான். அந்த அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்த அளவுக்குக் கரடு தட்டினாலே போதும், கண்ணாடி போலத் திரும்ப வேண்டிய ஒளி நாலாபக்கமும் சிதறும், நமக்கு அது மங்கலாகத் தெரியும். எலுமிச்சையால் தேய்த்தபோது வட்டம் ஏன் பெரிதானது என்று இப்போது புரிந்திருக்கும். மேஸ்திரியை வரவழைத்து அந்த இடத்தை மறுபடி பாலிஷ் போடுவதுதான் வழி.

சரி, நம் பாட்டிமார் காலங்காலமாக அம்மியில் புளி வைத்து அரைத்தார்களே, அது ஏன் கரையவில்லை? அம்மியும் தேயும், வருஷத்துக்கு ஒருமுறை உளி வைத்துக் கொத்த வேண்டியிருந்தது. ஆனால் அது உரசித் தேய்ந்தது, புளியால் அல்ல. அம்மி கருங்கல், அதில் இருப்பது சிலிக்கேட்டுகள். ஒவ்வொரு சிலிக்கனும் நான்கு ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது, கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தில் அந்த ஆக்சிஜன் ஒவ்வொன்றும் இன்னொரு சிலிக்கனையும் பிடித்திருக்கிறது, மொத்தக் கல்லும் பின்னிய வலை. அதில் வாயுவாகிப் பறந்து போக எதுவுமே இல்லை. மழையும் காற்றும் ஆயிரக்கணக்கான வருஷத்தில் அதை மண்ணாக்கும், ஒரு கிண்ணம் புளித்தண்ணீர் ஒன்றும் செய்யாது.

இதை வைத்தே கடையில் இருக்கும் பாதிக் கல்லைப் பிரித்துவிடலாம். ஆந்திராவின் கடப்பா பக்கத்திலிருந்து வரும் கடப்பா கல் கருப்பாக இருப்பதால் கிரானைட்டின் தம்பி என்று நினைக்கிறோம், அது சுண்ணாம்புக்கல். எங்கள் பழைய வீட்டு அலமாரியில் ஊறுகாய் ஜாடி வைத்த இடத்தில் வெள்ளை வளையம் அப்படியே இருந்தது. அலமாரித் தட்டுக்கு நல்ல கல், மேடைக்கு வேண்டாம். ‘கருப்பு கிரானைட்’ என்று கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து வருவதைப் புவியியலாளர்கள் கிரானைட் என்றே சொல்லமாட்டார்கள், டோலரைட் என்பார்கள். ஆனாலும் சிலிக்கேட்தான், புளிக்கு அஞ்சாது. சென்னைப் பல்லாவரத்துப் பாறைக்கோ இன்னொரு பெயர், சார்னோக்கைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கொல்கத்தா கல்லறையில் இருப்பது அந்தக் கல்தான் என்பதால், 1893-ல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. உலகமெங்கும் புவியியல் பாடத்தில் இருக்கும் அந்தக் கல்லின் மேல்தான் நம் ஆட்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்!

வெளிர் நிறக் கிரானைட்டில் நுண்துளைகள் கூடுதலாக இருந்தால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கும், அதற்கு அந்தத் துளைகளை அடைக்கும் சீலர் பூச வேண்டும். மேடையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கருத்தால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

இப்போது எல்லோரும் கேட்பது குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் செயற்கைக் கல். எடையில் பத்தில் ஒன்பது பங்கு உடைத்த குவார்ட்ஸ், மிச்சம் பிசின். புளியும் மஞ்சளும் எளிதில் உள்ளே இறங்காது. ஆனால் பிசினுக்குச் சூடு ஆகாது, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை நேராக வைத்தால் பழுப்பேறிவிடும். அதைவிட எனக்குக் கவலை, அந்தக் கல்லை அறுப்பவரின் நுரையீரல். அந்தத் தூசி படிந்து சிலிகோசிஸ் வந்தால் குணமாகாது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. கிரானைட் தூசியிலும் அந்த நோயைத் தரும் சிலிக்கா உண்டு. நம் ஊரில் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு காய்ந்த கல்லை அறுக்கிறார்கள். மலிவான தண்ணீர்த் தெளிப்புக் கருவிக்கும், கல் தொழிலாளர்களின் நுரையீரல் பரிசோதனைக்கும் ஆராய்ச்சிப் பணம் போக வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்கள் வீட்டில் அறுத்தால் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், வீடு சேறானாலும் பரவாயில்லை.

அப்புறம், அடுப்பங்கரையில் கருப்புக் கல் ஆகாது என்று வாஸ்து சொல்வதாகப் பயந்து, நல்ல கருப்புக் கல்லை விட்டு மார்பிளுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கருப்பு அம்மியில் அரைத்துச் சாப்பிட்டு வளர்ந்த குடும்பங்கள்தான் நாம் எல்லோரும். நிறத்தைப் பார்க்காதீர்கள், கல் எதனால் ஆனது என்று பாருங்கள்.

அதற்குக் கடைக்காரர் சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை. உடைந்த துண்டு ஒன்று கேளுங்கள், கொடுப்பார்கள். கருப்புக் கல்லானால் முதலில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பஞ்சு கருத்தால் அது சாயம் ஏற்றிய கல். பிறகு பாலிஷ் பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். சொட்டு நின்ற இடம் எது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் அந்தக் கல்லை வாங்கலாம்.