புளித்த மாவு மாத்திரைக்கு மாற்று இல்லை

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மனச்சோர்வுக்கு எட்டு மாதமாக ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுவந்த பெண், பத்து நாளைக்கு முன்னால் தானாகவே நிறுத்திவிட்டார். “தலையைத் திருப்பினா உள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கு டாக்டர்” என்றார். தூக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். ஏன்மா நிறுத்தினீங்க என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். புளிக்கவைத்த தானியக் கரைசல். மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. “இதுலயே செரடோனின் இருக்காம். வீடியோல சொன்னாங்க.”

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை, அந்த வீடியோ மேல்.

செரடோனின் என்பது மனநிலையோடு தொடர்புடைய ஒரு ரசாயனம். உடம்பிலுள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. உண்மை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் கிளம்புகிறார்கள். ஆனால் அது குடலின் அசைவு போன்ற வேலைகளுக்கானது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டி செரடோனின் உள்ளே போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானேதான் தயாரித்துக்கொள்கிறது. குடலில் எவ்வளவு ஊறினாலும் சரி, தட்டில் எவ்வளவு இருந்தாலும் சரி, அது மூளைக்குள் போய்ச் சேராது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் கதையும் இதேதான். சில லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவு புளிக்கும்போது காபாவை உண்டாக்குகின்றன; ஆனால் சாப்பிட்ட காபா மூளைக்குள் போவது மிகக் குறைவு. அப்புறம், மாவை வேகவைத்தாலோ சுட்டாலோ அந்த பாக்டீரியாக்களில் பெரும்பகுதி செத்துப்போகும்.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. 2011இல் லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையை எலிகளுக்குக் கொடுத்தபோது பதற்றம் குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அருமையான ஆய்வு. ஆனால் அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது: மன அழுத்தத்திலும் நினைவாற்றலிலும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் இல்லை. இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை.

புளித்த தானியத்தால் உறுதியான நன்மை ஒன்று உண்டு. தானியத்தில் சத்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் என்ற பொருள் புளிக்கும்போது குறைவதால் இரும்பும் துத்தநாகமும் உடம்பில் கூடுதலாகச் சேரும். இரும்புச்சத்துக் குறைந்தாலே சோர்வும் கவனச்சிதறலும் வரும் என்பதால், அந்தப் புகாரோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் ரத்தப் பரிசோதனைதான் எழுதிக்கொடுப்பேன்.

அதனால் தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரையோடு சேர்த்து. எம்ஏஓஐ (மனச்சோர்வுக்கான பழைய வகை மருந்து) மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் புளிக்கவைத்த எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றிலுள்ள டைரமின் என்ற பொருள் ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

மாத்திரையை நிறுத்த ஆசையா? சொல்லுங்கள், திட்டமாட்டேன். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வழி இருக்கிறது. ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து அதை மறைக்காதீர்கள். எத்தனை நாளாயிற்று என்று தெரிந்தால்தான் எந்த அளவிலிருந்து மறுபடி தொடங்குவது என்று என்னால் முடிவு செய்ய முடியும்.